தொலைந்த பொருட்கள் பாடம்

கண்ணால் காணாத தீவொன்றில் வேலை செய்கிறவர்களுக்கு, டென்மார்க்கில் வைலே என்ற ஊரில் என் குசினி மேசையில் இருந்துகொண்டு ஆங்கிலம் படிப்பித்தேன். மாலைதீவில் ஒரு ரிசோர்ட். பெரிய விமானம், சின்ன விமானம், அதற்குப் பிறகு படகு என்று மாறி மாறிப் போகவேண்டிய இடமாம். ஊரில் நான் ஆங்கில ஆசிரியை. டென்மார்க்குக்கு வந்தபின் அந்த ஆங்கிலத்தை ஒருவரும் சீந்தவில்லை. வயோதிபர் இல்லத்தில் கட்டில் விரிக்கவும் கிழவிகளுக்குத் தலை வாரவும் டேனிஷ்தான் வேண்டும். அதனால் இணையத்தில் படிப்பிக்க ஆள் தேடிய நிறுவனம் என்னை எடுத்தபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது.

இல்லத்தில் எனக்கு விடுப்புள்ள நாட்களில் முற்பகலில் வகுப்பு நடக்கும். அங்கே அது மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து, இரவு வேலை தொடங்குமுன் கிடைக்கும் ஓய்வு நேரம். ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் ஒரு கணினிக்கு முன்னால் ஐந்தாறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கும். கதவுக்கு வெளியே ஒரு துண்டுக் கடல். அப்படியொரு நீலத்தை நான் நம்பவில்லை. யாரோ சீலை காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதல்நாள் நினைத்தேன்.

பாடப் புத்தகம் ரிசோர்ட்டுக்காரர்கள் அனுப்பியது. அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். விருந்தினரிடம் 'இல்லை' சொல்லக்கூடாது, 'தெரியாது' சொல்லக்கூடாது. என்ன கேட்டாலும் 'பார்த்துச் சொல்கிறேன், சேர்' என்று சொல்லிச் சிரிக்கவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூட வழியில்லாத ஒரு பிழைப்பு. மழைக்கு மன்னிப்புக் கேட்க ஒரு பக்கம் முழுக்க வசனங்கள் இருந்தன. அழுகிற மனிதனிடம் என்ன சொல்வது என்று புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. விடுமுறைக்கு வந்தவர்கள் அழமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

மாணவர்களில் ஒருவன் வன்னியிலிருந்து போன தமிழன். அறைகள் துப்புரவாக்குகிறவன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது என் சட்டம். மற்றவர்கள் எழும்பிப் போனபிறகு அவன் மட்டும் நின்று, "அங்கை இன்னும் குளிரோ, ரீச்சர்?" என்று கேட்பான். "ஓம், இன்னும் குளிர்தான்," என்பேன். அந்த ஒரு வரித் தமிழுக்காகத்தான் அவன் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனோடு ஒரே அறையில் படுக்கிறவன் ஒரு வங்காளதேசத்துக்காரன், சாப்பாட்டு மேசைகளில் பரிமாறுகிறவன். புத்தகத்தை வேதம்போல மனப்பாடம் செய்பவன்.

அது ஊரில் போர் முடிகிற காலம். தமிழனின் தாய் வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். தை மாதத்தில் ஒருதரம் கதைத்திருக்கிறாள், இடம் மாறப்போகிறோம் என்று. அதன் பிறகு சத்தமே இல்லை. வைலேயில் எங்கள் வீடுகளிலும் இதே கதைதான். தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறும், அடிக்காவிட்டால் அதைவிடப் பதறும். ஊர்வலத்துக்கென்று கொப்பன்ஹேகனுக்கு பஸ் பிடித்துப் போனவர்கள் தொண்டை கட்டித் திரும்பி வந்தார்கள். பிறகு ஒருநாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. வெளியே மரங்கள் எல்லாம் புதுப் பச்சை. டேனிஷ்காரர் வெயில் காய ஃபியோர்டு கடலோரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் காரணமில்லாத கோபம் வந்தது.

அந்த வாரம் அந்தத் தமிழ்ப் பெடியனின் அண்ணன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கிறவர், டென்மார்க்குக்கு வந்து கனகாலம். தம்பிக்குப் படிப்பிக்கிறவள் வைலேயில் இருக்கிறாள் என்று தம்பி சொல்லித்தான் அவருக்கு என்னைத் தெரியும்.

"அக்கா, அம்மா போட்டா," என்றார். "அகதி முகாமிலை இருக்கிற ஒரு மனுசி கண்டவவாம். ஷெல் விழுந்த இடத்திலை கிடங்கு வெட்டித் தாட்டவையாம்."

அவர் தொடர்ந்தார்.

"அவனுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். அவன் அங்கை தனிச்ச பெடியன். போனிலை எப்பிடிச் சொல்லுறது?"

அதை எங்களில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தனியாக இருக்கிறவனுக்குச் சாவைப் போனில் சொல்வதில்லை. அந்த ஊரில் இருக்கிற யாருக்காவது முதலில் எடுப்போம். அவர் போவார், பக்கத்தில் இருப்பார், சாப்பிட்டவனா என்று பார்ப்பார், அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். வைலேயில் நானே அப்படி இரண்டு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். தட்டும்போதே உள்ளே இருப்பவர்களுக்கு விளங்கிவிடும். ஆனால் அந்தத் தீவில் தட்டுவதற்கு எங்கள் ஆள் யாரும் இல்லை. கணினியிலாவது அவன் முகத்தைப் பார்த்துக் கதைக்கிற ஒரே தமிழ் ஆள் நான்.

"அவன்தான் கடைசி," என்றார் அண்ணன். "தாய்க்கு இளையவன்தானே எல்லாம் செய்யவேணும். கொள்ளி வைக்கத்தான் குடுத்துவைக்கேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையாவது அவன் கடலிலை செய்யட்டும். இஞ்சை ஐயரோடை கதைச்சிட்டன், அவர் போனிலை சொல்லித்தருவார். நான் செய்யேலாது அக்கா. அவன் செய்யாட்டி அம்மா அலைஞ்சுகொண்டு திரிவா."

சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினேன். யாரோடு கதைத்தாய் என்று மகள் டேனிஷில் கேட்டாள். ஒரு மாணவனின் வீட்டாரோடு என்றேன்.

அடுத்த வகுப்பில் பாடத்தை முடித்துவிட்டு, அவனை மட்டும் மறித்துச் சொல்வதாகத் திட்டம். பாடத்தை நான் தெரிவு செய்யவில்லை, புத்தகத்தில் அடுத்தது அதுதான். விருந்தினர் ஒருவர் பொருளைத் தொலைத்துவிட்டு வருகிறார். ஊழியர் விசாரித்து எழுதவேண்டும். அவனை விருந்தினராக இருக்கச் சொன்னேன். கறுப்புக் கமரா ஒன்றைத் தொலைத்திருக்கிறீர் என்றேன். பரிமாறுகிறவன் ஊழியன். எல்லாம் ஆங்கிலத்தில்.

"நீங்கள் தொலைத்தது என்ன நிறம், சேர்?"

"மண்ணிறம்," என்றான் இவன். "கரை பச்சை."

கமரா கறுப்பு என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் மற்றவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

"பெரியதா, சிறியதா, சேர்?"

"சிறியது. மெலிந்தது."

"ஏதாவது அடையாளம் உண்டா?"

"இடது கையில் சுட்ட தழும்பு. நடந்தால் ஒரு பக்கம் சாயும்."

பரிமாறுகிறவன் தன் கூட்டாளியைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது, நிறுத்தவில்லை. கையைப் பின்னால் கட்டி, இன்னும் மரியாதையாக, இன்னும் மெதுவாகக் கேட்டான்.

"கடைசியாக எங்கே கண்டீர்கள், சேர்?"

"பஸ் நிலையத்தில். நான் பஸ்ஸுக்குள் இருந்தேன்."

"விலைமதிப்புள்ளதா, சேர்?"

இவன் தலையை மட்டும் ஆட்டினான். "உடனே தேடச் சொல்கிறேன், சேர்," என்றான் மற்றவன். எழுதிய தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவர்களுக்குப் பின்னால் அந்தக் கடல் சும்மா கிடந்தது. என் வாழ்க்கையில் எதன்மீதும் வராத வெறுப்பு அந்த நீலத்தின்மேல் வந்தது.

மற்றவர்கள் போனார்கள். பரிமாறுகிறவன் மட்டும் கதவடியில் போய் நின்றான்.

"தம்பி, சாப்பிட்டனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம், ரீச்சர்."

"வடிவாச் சாப்பிட்டனீரோ?"

அவன் என்னைப் பார்த்தான். இரண்டாந்தரம் கேட்டிருக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு அது கதவைத் தட்டினமாதிரி.

"அண்ணை எடுத்தவரோ, ரீச்சர்?"

சொன்னேன். முகாமில் இருந்த மனுசி கண்டதையும், இளையவன் செய்யவேண்டியதையும், ஐயர் போனில் சொல்லித்தருவதையும், ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்தது.

"அந்த மனுசிக்கு அம்மாவைத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"அது எனக்குத் தெரியாது, தம்பி."

"நான் செய்யமாட்டன், ரீச்சர். நான் செய்தால் முடிஞ்சுது. எல்லாரும் அம்மா செத்திட்டா எண்டு சொல்லுகினம். என்ன சீலை உடுத்திருந்தவ, எங்கை கண்டனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." கதவடியில் நின்றவனைக் காட்டினான். "இவன்தான் கேட்டவன்." பிறகு, "வாற வகுப்பிலையும் என்னையே விருந்தினரா விடுங்கோ," என்றான்.

விட்டேன். புத்தகத்தில் அடுத்த பாடம் முறைப்பாடுகள். அதை அப்படியே தள்ளிவைத்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம் அவன் தொலைத்தவனாக வருவான், மற்றவன் கேட்பான், அவன் புதிதாக ஏதாவது சொல்வான். வெற்றிலைக் காவி ஏறிய பல், மூக்கில் தூர்ந்துபோன துளை, இருமல். நான் ஒருநாளும் காணாத அந்த மனுசி என் வீட்டில் நடமாடத் தொடங்கினாள். கிழவிகளுக்குத் தலை வாரும்போது அவளுடைய தலையை வாருகிறேன் என்று தோன்றும். பஸ்ஸில் மண்ணிற உடுப்பில் யாராவது ஏறினால், இடது கையைப் பார்ப்பேன். பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கிட்டியபோது அண்ணன் திரும்பவும் எடுத்தார்.

"என்னவாம் அக்கா, செய்வானோ?"

"செய்யமாட்டனெண்டுதான் நிக்கிறான்."

அவருக்குக் கோபம் ஏறியது. அம்மாவை அந்தரத்தில் விடுகிறான், பெத்த தாய்க்கு இதுகூடச் செய்யாதவன் என்ன பிள்ளை என்றார். எனக்கும் பொறுமை போய்விட்டது. அவன் வகுப்பில் செய்வது என்ன என்று அப்படியே சொன்னேன். சீலையின் நிறம், பச்சைக் கரை, பஸ் நிலையம், தழும்பு, சாய்ந்த நடை.

"சாஞ்சோ?" என்றார். "அம்மா சாஞ்சு நடக்கிறேல்லையே."

அவர் ஊரை விட்டு வந்த காலத்தில் தாய்க்கு என் வயது இருக்காது. அதன்பிறகு அவர் தாயைக் கண்டிருக்கமாட்டார். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அந்தியேட்டிக் கதையை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

"அக்கா," என்றார் கடைசியில், "அவனிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுவீங்களோ? அம்மாவுக்குத் தலை நரைச்சிட்டுதோ?"