பாதை சரி என்று கத்தியவர்

சவாதா கன்ஜிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மூடிக் கிடந்த சிகபெத்சு ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக்க, ஊரில் மிஞ்சியிருந்த பத்தொன்பது பேரும் ஞாயிறுதோறும் கூடினோம். நாங்கள் ஒரு சன்னலைச் சுரண்டி முடிப்பதற்குள் அவர் ஏணியில் ஏறி இறங்கி, அடுப்புக் குழாயைத் தட்டிப் பார்த்து, பாதித் தேநீரை வைத்துவிட்டு எங்கோ போயிருப்பார். அறுபத்தெட்டு வயதிலும் காலில் சக்கரம்.

வண்டி ஓடிய காலத்தில் அங்கே பாதை மாற்றும் வேலை அவருடையது. ரயில்காரர்கள் எதையும் விரல் நீட்டிக் காட்டி, உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். நெம்புகோலைத் தள்ளிவிட்டு, தண்டவாளத்தைக் காட்டி, "பாதை சரி!" கன்ஜி வீட்டைப் பூட்டினாலும் "பூட்டு சரி!" என்று கத்துவார், தெருவே திரும்பிப் பார்க்கும்.

"உங்க பொண்டாட்டி ஓடிப்போனப்பவும் விரலை நீட்டி 'போயாச்சு, சரி!'ன்னு கத்தினீங்களாமே?" என்று சீண்டுவோம். அவரும் சிரிப்பார்.

விளக்கப் பலகை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஊராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் பேனா பிடித்தவள், கை சும்மா இருக்குமா? பழைய பதிவேட்டில் இருந்ததை அப்படியே எழுதிக் காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டினேன். "1976 பிப்ரவரி. பாதை ஊழியர் ஹதகேயாமா பனியைச் சரியாக அகற்றாததால் சரக்கு வண்டி தடம் புரண்டது." அவர் செத்துப் பல வருடமாகிறது, பெயரை விட்டிருக்கலாம். அவர் மனைவி மித்சுயோ பக்கத்து அறையில்தான் எங்களுக்குப் பன்றிக்கறிச் சூப்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பலகையைப் பார்த்துவிட்டு முள்ளங்கி நறுக்கப் போனாள். எனக்கு முகம் எரிந்தது.

அன்று கன்ஜி ஒரே பெஞ்சுக்கு மூன்று தடவை வர்ணம் அடித்தார். வெளியே போனார், வந்தார், பலகை முன்னால் நின்றார், மறுபடி வெளியே போனார்.

"ஏன் இப்படிச் சூடுபட்ட பூனை மாதிரி அலையிறீங்க? சாப்பிட உக்காருங்க," என்றேன்.

அவர் உட்காரவில்லை. கிண்ணம் நீட்டிய மித்சுயோவின் முன்னால் போய் நின்றார்.

"மித்சுயோ சான், அந்தப் பலகையில இருக்கிறது பொய். அன்னிக்குக் காலையில பனிக்காத்து மூஞ்சியில அடிச்சுது. நெம்புகோலைத் தள்ளினேன், அது முழுசா விழல, தண்டவாளம் சரியாச் சேரல. நான் பாதையைப் பாக்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டே கையை நீட்டி 'பாதை சரி'ன்னு கத்திட்டேன். என் குரலை ஸ்டேஷனே கேட்டுச்சு. அதனால என்மேல யாருக்கும் சந்தேகம் வரல. பனிதான் காரணம்னு எழுதினாங்க. நான் வாயைத் திறக்கல."

அந்த விபத்துக்குப் பிறகுதான் ஹதகேயாமாவைத் தொலைவிலிருந்த நிலக்கரி ஊருக்கு மாற்றினார்கள். அவருக்குக் காரியம் முடித்த பின்தான் மித்சுயோ ஊர் திரும்பினாள். அவர் போய் ஒன்பது வருடம்.

"நாப்பத்திநாலு வருஷமா வச்சிருந்தீங்களா?" என்றாள் மித்சுயோ.

"மன்னிச்சிடுங்க."

"உங்களை அப்புறம் பாத்துக்கறேன். நான் அந்த மனுஷனை என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா? குளிருற வீடு, கரித்தூசி, பள்ளிக்கூடம் இல்லாத ஊரு... ஒவ்வொண்ணுக்கும் 'உன் சோம்பேறித்தனத்தால வந்தது'ன்னு குத்திக் காட்டினேன். கடைசியா ஆசுபத்திரியில படுத்திருந்தப்பவும் சொன்னேன். முதல் வருஷம் மட்டும், 'நான் சுத்தமா அள்ளினேன் மித்சுயோ'ன்னு சொன்னார். அப்புறம் சொல்றதையே விட்டுட்டார்."

கன்ஜி தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ரெய்கோ, பேனா இருக்கா?"

"இருக்கு. அந்த வரியை இப்பவே அடிச்சிடறேன். கன்ஜி சான் பேரைப் போட்டுடறேன்."

"அவர் பேரைப் போடு. அதுக்குக் கீழ இன்னொரு வரி. ஹதகேயாமா பனியைச் சுத்தமா அள்ளினார், அதை அவர் பொண்டாட்டியே நம்பலன்னு எழுது."

"அதையெல்லாம் எப்படி..."

"எழுதுடி," என்றாள், கன்னத்தைத் துடைக்காமலே.