அண்ணன் ஒரே முறை கேட்ட தண்ணீர்

“…கல்யாணம் மாதிரி நல்ல காரியம்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் என்னைக்கோ மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தொட்டிய ரொப்பி உட்டிருப்பேனே! வாய்ல என்னாத்த வெச்சிகினு இருந்தாரு உங்க அண்ணன்?”

அண்ணனை அடக்கம் செய்த மறுநாள், துக்கம் விசாரிக்க வந்த கிணற்றுக்கார நாயுடு என்னிடம் கேட்ட கேள்வி இது. துக்க வீட்டில் கேட்கிற பேச்சா என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் இந்த ஒரு வருஷமாக எனக்கு விளங்கவில்லை. அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவாக இம்மலரைப் பெறும் உறவினரும் சபையாரும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் அல்லன். தையல் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் வாயைப் பார்த்து, கடை போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்தவன்.

அண்ணன் பிறந்தது கனகம்மாசத்திரத்தில். எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். அவர் காலமானதும் குடும்பம் முழுவதும் அண்ணன் தோளில் இறங்கியது. அப்போது சண்டைக்கு ஆள் எடுத்தார்கள். வேளாவேளைக்குச் சோறு உண்டு என்று கேள்விப்பட்டு அண்ணன் போய்ச் சேர்ந்தார். “தேசத்துக்காகவா போனீங்க?” என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், “வயித்துக்காகப் போனேங்க. தேசம் வழியில வந்துச்சு” என்று சிரிப்பார்.

பர்மா எல்லையில் ரோடு போடும் படையில் இருந்தார். பாலம் கட்டும்போது ஒரு நாள் ஆற்று வெள்ளத்தில் விழுந்து மூழ்கிவிட்டார். நெல்லூர்ப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் குதித்து, தலைமுடியைப் பற்றி இழுத்துக் கரையேற்றினார். அவர் பாப்டிஸ்ட் சபைக்காரர். அவரிடம் வேதம் கேட்ட அண்ணன், பின்பு அதே ஆற்றில் பட்டாளத்துப் பாதிரியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். “மொதல் தபா ஆறு என்னை முக்கிச்சு. ரெண்டாந்தபா நானா முங்கினேன். ஏந்திரிச்சவன் வேற ஆளுடா” என்று என்னிடம் சொல்வார்.

சண்டை முடிந்ததும் பூட்ஸும் டிரங்குப் பெட்டியும் வேதப் புத்தகமுமாகத் திரும்பினார். மிஷனில் படித்துத் தேறி, திருத்தணி மலையடிவாரத்துக் கீற்றுக்கொட்டகைச் சபைக்குப் போதகர் ஆனார். ஊர் அவருக்கு வைத்த பெயர் மிலிட்டரி ஐயர். ஆராதனைக்கு மணி அடிக்க மாட்டார், விசில் ஊதுவார். தாமதமாக வந்தவர் கதவோரம் விறைப்பாக நின்றுதான் ஜெபம் கேட்க வேண்டும். கடினமானவர்தான். ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்குக் கொட்டகை வாசலில் பானை வைத்துத் தண்ணீர் கொடுத்தவரும் அவரே. சபைப் பெரியவர்கள் இதற்கு முணுமுணுத்தார்கள். “தாகத்துக்கு ஏதுங்க சபை?” என்று வாயை அடைத்தார். அந்தப் பானைகளுக்குத் தொலைவிலிருந்து இடுப்பில் நீர் சுமந்தது எங்கள் அண்ணி. “கொடத்துல நான் கொண்டார்ரத ஊர் வாய்ல ஊத்தறாரு. எனக்கு முங்கி எழத் தண்ணி காணோம்” என்பார் அண்ணி.

அண்ணியின் இந்தப் பேச்சில்தான் எங்கள் ஆற்றாமை முழுவதும் இருக்கிறது. பாப்டிஸ்ட் சபையில் தலையில் நீர் தெளித்தால் போதாது. ஆள் முழுவதும் நீருக்குள் மூழ்கி எழ வேண்டும். அண்ணியும், அம்மையார்குப்பத்து நெசவாளர் ஒருவரும் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். மழையோ பொய்த்துவிட்டது. நந்தியாற்றில் மணல்தான் ஓடியது. கோயில் குளங்களை அண்ணன் கேட்கவே மாட்டார். “அது அவங்க தண்ணி. அதுல போய் நாம வம்பு வளக்கக் கூடாது” என்பார். அரக்கோணம் பக்கம் போய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்றேன். “இந்த ஊர்ல பொழைச்சிகினு, பக்கத்து ஊர்ல போய் முங்கினா அது ஓடிப்போய்க் கட்டிகின கல்யாணம்” என்றார். நீரைத் தெளித்தாவது வைக்கக் கூடாதா என்று நெசவாளர் ஒரு நாள் கெஞ்சினார். “பன்னீர் தெளிக்க நான் என்ன கல்யாண வாசல்லயா நிக்கறேன்?” என்று அவரையும் அனுப்பிவிட்டார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் அண்ணன். அந்தப் பதில்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன.

ஊரில் வற்றாமல் இருந்தது நாயுடுவின் கிணறு ஒன்றுதான். மாடு பூட்டித் தோல் சாலில் நீர் இறைக்கும் கவலை உண்டு. பக்கத்தில் இடுப்பளவு ஆழத்தில் கல் தொட்டியும் உண்டு. அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஞானஸ்நானம் என்ற பெரிய வார்த்தை நாயுடுவுக்குப் புரியாது என்று, அவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று நினைத்துப் பேசினார்.

“நாயுடு ஐயா, எங்க ஆளுங்க ரெண்டு பேர் தல முழுகணும். தொட்டிய ஒரு நாள் விடணும்.”

நாயுடுவின் முகம் மாறியது. “என் தொட்டியில அதெல்லாம் ஆகாதுங்க. வேற எடம் பாருங்க” என்றார்.

அண்ணன் கைகூப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். வழியில், “நம்ம சாதிய நெனைச்சி சொல்றாருடா” என்று ஒரு முறை சொன்னார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இன்னொரு தரம் கேட்கச் சொல்லி அண்ணி மன்றாடினார். “பட்டாளத்துல ஒரு தபாதான் கேப்போம்” என்பதே பதில். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஞானஸ்நானத்துக்கென்று நான் தைத்த வெள்ளை உடைகள் கடையில் தொங்கித் தொங்கி மஞ்சள் பாய்ந்தன. நெசவாளர் வந்து தம் சட்டையைத் தொட்டுப் பார்ப்பார். “எனக்கு வயசாவுது, இதுக்கும் வயசாவுது” என்று சொல்லிவிட்டுப் போவார்.

பர்மாவிலிருந்து உடம்போடு வந்த காய்ச்சல் சென்ற ஆண்டு அண்ணனைப் படுக்கையில் தள்ளியது. விடிந்ததும், “மேகம் எந்தப் பக்கம்?” என்று கேட்பார். கடைசி நாளில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்ன என் கையால முக்கி எடுக்கணும்னு இருந்தேன்” என்றார்.

அடக்கம் செய்த மறுநாள்தான் நாயுடு வந்தார். அண்ணி அழுகையினூடே, “எனக்கு முழுக்குக் குடுக்காமலே போயிட்டாருங்க” என்றார். “அது என்னம்மா முழுக்கு?” என்று அவர் கேட்டார். “புதுத்துணி கட்டிகினு, பாட்டுப் பாடிகினு, தண்ணியில முங்கி எழறதுங்க. புதுசாப் பொறந்த மாதிரி” என்றார் அண்ணி.

நாயுடு என் பக்கம் திரும்பினார். “தல முழுகணும்னுதானேய்யா கேட்டாரு? எழவு வீட்டுத் தீட்டக் கழுவ என் தொட்டிய கேக்கறாருன்னு நெனைச்சிட்டேன்!” என்றார். அதற்குமேல் சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன். சாதியும் அன்று அவர் மனத்தின் ஓரத்தில் இருந்ததோ என்னவோ, நான் அறியேன். எளிதாக இருக்கட்டும் என்று அண்ணன் தேடி எடுத்த வார்த்தைதான் வழியை அடைத்தது. அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். காய்ச்சல் நாட்களில் அழைக்காமலே வந்து மருந்து கொடுத்த கம்பவுண்டர் ஐயா, பாறை மண்ணில் குழி வெட்டித் தந்த தோழர்கள், பள்ளிப்பட்டிலிருந்து அரிசியோடு வந்த அண்ணியின் பிறந்த வீட்டார், அடக்க ஆராதனை நடத்தியபின் ஊருக்குத் திரும்பாமல் எங்களோடு தங்கி, அண்ணிக்கும் நெசவாளருக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுச் சென்ற அரக்கோணத்துப் போதகர் ஐயா, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நாயுடுவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தம் கேள்விக்கு என்னிடம் பதில் வாங்க அவர் நிற்கவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போனார். ஆளைக் கூப்பிடாமல் தாமே மாடுகளைப் பூட்டிக் கவலை ஓட்டினார். தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் இரண்டு சால் இறைத்தார். பிறகு மாடுகளை அவிழ்த்துவிட்டு, தம் தோட்டத்தில் குலை தள்ளி நின்ற வாழை இரண்டை வெட்டி வந்து, தொட்டியின் இரு பக்கமும் நிறுத்திக் கட்டினார்.