இந்துப்பு எந்த ஊரு?

என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆன சரித்திர வாத்தியார். ஓய்வு கிடைத்தது பிள்ளைகளுக்குத்தான். எனக்கு இன்னும் பாடம் நடக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடி உப்பை நிறுத்திவிட்டு இந்துப்பு வாங்கச் சொன்னார். "பேரப் பாரு. இந்து உப்பு. நம்ம நாட்டு உப்பு!" பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி. அந்த உப்பளமெல்லாம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டு ரசத்தில் ரோஸ் நிறக் கட்டிதான்.

எல்லையில் பதற்றமாக இருந்த சமயம், தேசப் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தான் பொருள் எதுவும் இனி உள்ளே வரக்கூடாது, வேறு நாடு சுற்றியும் வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. இவர் பேப்பரை மடக்கிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். "நாம சரக்குக்குக் குடுக்க துட்டு அங்கன போயி துப்பாக்கியா திரும்பி வரும்ட்டி. அதான் வாசல அடைக்காவ." நியாயமாகத்தான் பட்டது. நம்மை அடிக்க வருகிறவனுக்கு நாமே கம்பு வாங்கிக் கொடுக்க முடியுமா?

அதே வாரம் உப்பு தீர்ந்தது. வழக்கமான நாட்டு மருந்துக் கடைக்கு இருவரும் போனோம். கடைக்கார அண்ணாச்சி காயல்பட்டினத்துக்காரர், முஸ்லிம். என் பேறுகால மருந்துகூட அவர் இடித்துக் கொடுத்ததுதான்.

"இந்துப்பு இருக்கது இந்த ஒரு சாக்குதான்க்கா. இனி வராது" என்றார் பைய. "பாகிஸ்தான் மலையில வெட்டுததுல்லா. சிந்து உப்புதான் இந்துப்புன்னு ஆயிட்டு."

சரித்திர வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தே தொலைத்திருக்கலாம். மானத்தைக் காப்பாற்ற அவர் குரலை உயர்த்திவிட்டார்.

"அப்பம் இத்தன நாளும் பாகிஸ்தான் சரக்கயா வே வித்தீரு?"

கடை நிறைய ஆள். ஒருவர் செல்போனை எடுத்துச் சாக்கைப் படம் பிடித்தார். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "சார், நீங்க கேட்டுத்தான..." என்றபடி சாக்கின் வாயைச் சுருட்டி மூடினார்.

மறுநாள் கடை பூட்டிக் கிடந்தது. அடுத்த நாளும் பூட்டு. தடைக்கு முன்னால் வாங்கிய சாக்கு அது, விற்பதில் குற்றமே இல்லை. ஆனால் மனுஷன் பயந்துபோய் அத்தனையையும் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் விட்டாராம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

"நல்லா காப்பாத்துனிய நாட்ட!" என்று சோற்றை வைத்துக்கொண்டே ஏசினேன். அன்று உப்பே போடவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தார்.

மூன்றாம் நாள் கடை திறந்தது. பத்து பேர் நிற்கிற இடத்தில் இரண்டு பேர்தான் நின்றார்கள். இவர் எங்கள் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய், அடியில் ஒட்டியிருந்த ரோஸ் கட்டியைக் காட்டி, வகுப்புக் குரலில் சொன்னார்: "அண்ணாச்சி, இதக் கேட்டு வாங்குனவன் நான். மூணு வருசமா தின்னவனும் நான். படம் எடுக்கவன் என்னையும் சேத்து எடுக்கட்டும். வாய்க்கொழுப்புல பேசிட்டேன், மன்னிச்சிருங்க."

அண்ணாச்சி சிரித்தார். "விடுங்க சார்" என்று சுக்கு, மிளகு, ஒரு பாக்கெட் உப்பு எல்லாம் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் நாங்கள் சீட்டு வாங்கியதே இல்லை.

வெளியே வந்து படித்துப் பார்த்தேன். சுக்கு, கேரளா. மிளகு, கொல்லிமலை. உப்பு, தூத்துக்குடி. கீழே அவர் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, அவர் ஊரையும் எழுதியிருந்தார்: காயல்பட்டினம்.