அத்தை கேட்டு வாங்கிய தனிக் கல்

ஜார்ஜ்டவுனில் புதிதாகத் திறந்த அமெரிக்க பர்கர் கடையில் அத்தை வேலைக்குச் சேர்ந்த நாளோடு, அப்பா தன் ஒரே தங்கையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. கடலுக்கு இந்தக் கரையில், பாகான் டாலாமில் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆகவே பேசாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

"மாட்டுக்கறி விக்கிற கடையில நம்ம வீட்டுப் பொண்ணு நிக்கணுமா?" என்று துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா அம்மாவிடம் கேட்பார்.

எதிரே தலை வாரிக்கொண்டிருக்கும் அத்தை, "விக்கிறேன், திங்கல லா. சொல்லுங்க அண்ணி," என்பாள்.

அம்மா இரண்டு பக்கமும் பொதுவாகத் தலையாட்டுவாள்.

அத்தை சிவப்புத் தொப்பியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்க நடந்துபோய் ஃபெரி ஏறுவாள்.

கடைக்காரர்கள் ஊரை நன்றாகப் படித்துத்தான் வந்திருந்தார்கள். பன்றி இறைச்சி கிடையாது என்று கதவிலேயே மலாயில் எழுதியிருந்தது. எல்லா மேசையிலும் மிளகாய் சாஸ் இருந்தது. ஆனால் நம் ஆட்கள் உள்ளே வந்து, கோழி பர்கரை மாடு வாட்டும் அதே கல்லில்தான் வாட்டுகிறார்களா என்று அத்தையிடம் தமிழில் கேட்பார்கள். அவள் பொய் சொல்ல மாட்டாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் பார்வையிட வந்தார். மேனேஜர் கண்ணால் தடுத்தும் கேட்காமல் அத்தை அவர் முன்னால் போய் நின்று, அந்த வாரம் மட்டும் எத்தனை குடும்பங்கள் வாசலோடு திரும்பின என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோழிக்குத் தனிக் கல், தனிக் கரண்டி வேண்டும் என்றாள். வேலை போய்விடும் என்று அம்மா பயந்தாள். "போனா போகட்டும். சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்," என்றாள் அத்தை. வேலை போகவில்லை. அடுத்த மாதம் தனிக் கல் வந்தது.

வீட்டில் இதை அத்தை அம்மாவிடம்தான் சொன்னாள். அப்பா பேப்பரின் பக்கத்தைத் திருப்பாமல் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பள்ளிக்குப் போட்டுப் போகச் சப்பாத்து வாங்க வேண்டும் என்று அப்பா என்னை ஃபெரியில் அழைத்துப் போனார். சப்பாத்துக் கடையைத் தாண்டி நடந்தோம். பர்கர் கடைக்குள், கல்லாவில் நின்ற ஒரு சீனப் பெண்ணின் முன்னால் ஆளே இல்லை. அப்பா அங்கே போகாமல் அத்தையின் நீண்ட வரிசையில் நின்றார். எங்கள் முறை வந்தது.

"வணக்கம் சார். என்ன வேணும்?" என்றாள் அத்தை.

"கோழிக்குத் தனிக் கல்லு இருக்காமே?"

"இருக்கு சார். நான் கேட்டு வாங்குனது."

"அப்ப ரெண்டு குடுங்க," என்றார் அப்பா. பிறகு, "நீங்க எத்தன மணிக்கு வீட்டுக்குக் கெளம்புவீங்க? நாங்க இருந்து கூட்டிட்டுப் போறோம்," என்றார்.

அத்தை சட்டென்று குனிந்து, காகிதப் பைகளைத் தேடுவதுபோல் வெகுநேரம் தேடினாள்.

பிறந்ததிலிருந்து 'வா, போ' என்று கூப்பிட்ட தங்கையை அப்பா அன்றுதான் 'நீங்க' என்றார். பெரியவர்கள் இருவரும் கடைக்காரர் விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்து, நான் கைகொட்டிச் சிரித்தேன்.