ரஹ்மத்துல்லாவின் இரண்டாவது பதில்

யாசர் பிறந்தது தாராவியில், எங்கள் தோல்பை பட்டறைச் சந்தில். லண்டன் அலுவலகத்தில் அவன் சொல்லி வைத்திருந்தது வேறு: வீடு செம்பூரில், அப்பா தோல் ஏற்றுமதியாளர், காலமாகிவிட்டார். இந்தி சேனலில் மைக் பிடிக்க ஆரம்பித்து, பெய்ரூட், நைரோபி என்று சுற்றி, இப்போது ஒரு வெளிநாட்டுச் சேனலில் பெரிய நிருபர். குண்டு விழுகிற ஊரில் நின்று பதறாமல் பேசுகிறவன். இந்தச் சந்துக்கு மட்டும் பயந்தான்.

போன வருஷம் தாராவி பற்றிப் படமெடுக்க அவனையே அனுப்பினார்கள். எந்தப் பட்டறை என்பதை உள்ளூர் ஏற்பாட்டாளர் முடிவு செய்துவிட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே. யாசர் என்கிற அந்தத் துரை வாயை மூடிக்கொண்டு வந்தார். பட்டறைக்காரர் அவன் வாப்பா ரஹ்மத்துல்லா.

மகனைக் கண்டு எழுந்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "ஆயியே சார்" என்று இந்தியில் வரவேற்றார். நாங்கள் தையல் மெஷின்களை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தோம்.

அவர் சட்டையில் மைக்கை மாட்டியதும் யாசர்தான். பிள்ளைகள் உண்டா என்று கேட்கச் சொன்னார் உடன் வந்த தயாரிப்பாளர், ஓர் ஆங்கிலேயப் பெண். இந்தியில் கேட்டான். ஒரே பையன், வெளிநாட்டில் இருக்கிறான் என்று அவரும் இந்தியில் சொன்னார். அதை அவன் மொழிபெயர்ப்பதற்குள் மாடியில் சுத்தியல் சத்தம். மறுபடி எடுக்கலாம் என்றார் அந்தப் பெண்.

யாசருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ரஹ்மத்துல்லா மெதுவாகத் தமிழில் சொன்னார்: "இந்தத் தடவ பிள்ளையே இல்லன்னு சொல்லிருதேன்லே. ஒனக்கு லேசா இருக்கும்லா?"

அவன் தலையாட்டினான்.  எங்களில் ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அவர் அப்படியே இந்தியில் சொன்னார், இவன் அதை இங்கிலீஷில் சொன்னான்.

படம் வந்த அன்று அவருடைய போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். எழுதியதும் குரல் கொடுத்ததும் அவன்தான். மைக்கில் அந்தத் தமிழும் பதிவாகியிருக்கும். அதை லண்டனில் உட்கார்ந்து கேட்டும் இருப்பான். பிள்ளை இல்லை என்ற அந்த ஒரு வரியை வெட்டியிருக்கலாம், பாவி வெட்டவில்லை. 'ரஹ்மத்துல்லாவுக்குப் பிள்ளைகள் இல்லை' என்கிற இடத்தில் அவன் குரல் கரகரத்து நின்றது, பிறகு ஓடியது. 

ரஹ்மத்துல்லா போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"தொண்ட கட்டியிருக்கு, கேட்டியளா" என்றார். "அங்க குளிரு ஜாஸ்தி போல. சின்னதுலயே அவனுக்கு ஒத்துக்காது."