ஒரே ஒரு வழி

அவர் இருந்தவரை, "வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "ஆபீஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ராணுவத்துக்குப் புதிது புதிதாக வருகிற கருவிகளை வாங்கலாமா, எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. மனுஷன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கரப்பான்பூச்சி வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் மூன்று வழி எழுத வேண்டும். முதல் வழியை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது, சும்மா இருப்பது. மேலிடம் நடுவில் இருப்பதைத்தான் எடுக்கும். இவர் நினைத்ததும் அதுதான். இந்தக் கள்ளத்தனம் எனக்குப் புரியவே பல வருஷமானது. சோபா வாங்கவும் மூன்று வழி, மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கவும் மூன்று வழி. நானும் ஏதோ என் இஷ்டம்போல நடக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கண்டுபிடித்த அன்று, "என்கிட்டயே உங்க வேலையக் காட்டுறீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு சோபாகூட வாங்கியிருப்பேன்.

பிறகு ஒரு வருஷம் பிரிவுத் தலைவர் நாற்காலி காலியானது. அடுத்து இவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மனதுக்குள் பெரிய வீட்டுக்குக் குடிபோய், திரைச்சீலைகூட மாட்டிவிட்டேன். அப்போதுதான் அந்த ட்ரோன் வந்து சேர்ந்தது. யாரைச் சுடுவதென்று அதுவே முடிவெடுக்குமாம். அவர் ஆபீஸ் இயக்குநருக்கு அதன்மேல் ஒரே மோகம். இவரோ சரியாகச் சாப்பிடாமல் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு அறிக்கையைக் கொடுத்தார்.

இயக்குநர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வழிதானே இருக்கு? மிச்சம் ரெண்டு எங்கய்யா?" என்றாராம்.

"இதுக்கு வேற வழி இல்ல சார். சுடணுமா வேணாமான்னு ஒரு மனுஷன்தான் முடிவு பண்ணணும். இது நமக்கு வேண்டாம்."

நாற்காலி வேறொருவருக்குப் போனது. இவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் ட்ரோனையும் வாங்கிவிட்டார்கள். பேப்பரில் அந்தச் செய்தி வந்த காலை, சட்டைக்குப் பட்டன்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"உன் பெரிய வீடும் போச்சு. அவங்க ட்ரோனையும் வாங்கிட்டாங்க. நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாமோ?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"இருந்திருக்கலாம். அப்புறம் உங்க பக்கத்துல படுத்து நான் எப்படித் தூங்குறதாம்? எந்திரிங்க, ஆபீசுக்கு நேரமாச்சு."

பட்டனை நானே போட்டுவிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான்.