நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

வெள்ளவத்தையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒன்பது வருடம் நான் ஒருவன்தான் இருந்தேன். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஆறே மாதத்தில், பிரிண்டர் நின்றால்கூட ஆய்வுகூடத்தார் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்காததுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கரண்ட் போனால், வருபவர்களைப் பதிந்து இலக்கம் கொடுக்கும் எங்கள் சேர்வர் விழுந்துவிடும். கொட்டாஞ்சேனைக் கிளையில் இன்னொன்றை வைத்து, இது விழுந்தால் அது தானாக வேலையை ஏற்கும்படி செய்யலாம் என்று பலமுறை சொல்லியிருந்தேன். உரிமையாளரான டொக்டர் தலையாட்டியதோடு சரி. அவள் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினாள். அடுத்த மாதமே இரண்டாவது சேர்வர் வந்து இறங்கியது. பொறுப்பும் அவளுக்கே.

வேலையை முடித்ததும், செட்டிங் விபரங்களை அச்சடித்து என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

“அண்ணா, இதை ஒருக்காப் பாருங்கோ. ஏதும் விட்டிட்டனோ தெரியேல்லை.”

விட்டிருந்தாள். விழுந்த சேர்வர் திரும்ப எழும்பினால், தான் இல்லாத நேரத்தில் பதிந்தவற்றை மற்றதிடமிருந்து வாங்கிக்கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவள் செய்திருந்தபடி பார்த்தால், எழும்பிய கையோடு அது வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். திருத்த ஒரு வரி போதும். இரண்டாம் பக்கத்திலேயே அது என் கண்ணில் பட்டது. எல்லாம் சரி என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்கும் நாளில் டொக்டர் முன்னால் பிடிபடட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அன்று வெள்ளவத்தைச் சேர்வரை நிறுத்தியதும் கொட்டாஞ்சேனை சட்டென்று ஏற்றுக்கொண்டது. டொக்டர் கைதட்டினார். அதோடு எல்லோரும் கலைந்துவிட்டார்கள். திரும்ப எழும்பும்போது என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் வெள்ளவத்தையில் கரண்ட் போய் வந்தது. இடையில் கொட்டாஞ்சேனையில் இரத்தம் கொடுத்தவர்களின் இலக்கங்களையே எங்கள் சேர்வர் மறுபடி வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆய்வுகூடத்தில் ஒரே இலக்கத்தோடு இரண்டிரண்டு குப்பிகள்; எது யாருடையது என்று தெரியவில்லை. எல்லோரையும் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் பாமன்கடையிலிருந்து ஒரு முதியவர் மறுபடியும் வெறும் வயிற்றோடு வந்து, ஊசி குத்திக் கன்றியிருந்த கையை நீட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் டொக்டரிடம் போய்த் தன் பிழை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“அண்ணா, நீங்களும் கவனிக்கேல்லைத்தானே?”

“இல்லை.”

“உங்களுக்கே தெரியேல்லையெண்டா எனக்கெப்பிடித் தெரியும்” என்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்த வரியை நானே எழுதிச் சேர்த்தேன். இனி அவள் செய்வதையெல்லாம் நான் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் போடவேண்டும் என்று டொக்டர் சொன்னார். நான் விரும்பியதும் அதுதான்.

போன வருடம் அவள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாள். கடைசி நாளில் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று கூடவே படியிறங்கினேன். வழியனுப்ப டொக்டரும் வாசல்வரை வந்தார். அவர் யாருக்கும் அப்படி வந்ததில்லை. போய்வா என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.